கவுஞ்சி பஸ்ஸின் ஐந்து பூஜ்யங்கள்

எனக்கு ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டு போகமாட்டேன் என்கிறது. எதிரே வருகிற வண்டிகளை எண்ணிவிடுவேன். பால் வாங்கப் போனாலும் சரி, துணி காயப்போட மாடிக்குப் போனாலும் சரி, கார் ஒன்று, வேன் ஒன்று, பைக் மூன்று என்று மனசுக்குள் ஒரு பக்கம் ஓடிக்கொண்டே இருக்கும். மேகம் ரோட்டுக்கு இறங்கிவிட்ட நாளில் வண்டி கண்ணுக்குத் தெரியாது. அப்போது சத்தத்தை வைத்து எண்ணுவேன். ஏற்றத்தில் முக்கிக்கொண்டு வருவது பஸ், பல்லைக் கடித்துக்கொண்டு வருவது பழைய ஜீப், சத்தமே இல்லாமல் பக்கத்தில் வந்து நிற்பது வெளியூர்க் கார். என் வீட்டுக்காரர் டூரிஸ்ட் கார் ஓட்டுகிறவர். "ஏடி, வீட்டுக்குள்ளயாவது எண்ணாம இருடி" என்பார். நான் கோபக்காரி என்பது கோடைக்கானலில் நாங்கள் இருக்கிற நாயுடுபுரத்தில் எல்லோருக்கும் தெரியும், அவருக்கு எல்லோரையும்விட நன்றாகத் தெரியும். அதனால் சொன்ன கையோடு வெளியே போய்விடுவார்.

இது ஒரு வேலையிலிருந்து வந்த பழக்கம். பழனியிலிருந்தும் வத்தலக்குண்டிலிருந்தும் மலை ஏறுகிற வண்டிகள், மலைக்கு மேலே ஊருக்கு ஊர் ஓடுகிற வண்டிகள், எல்லாவற்றையும் கணக்கெடுத்து, எந்த பஸ் எங்கே ஓடினால் புகை குறையும் என்று ஒரு திட்டம் போட வெளியூரிலிருந்து ஆட்கள் வந்தார்கள். கரியமில வாயு, பூமி சூடாவது என்றெல்லாம் சொன்னார்கள். எனக்கு அதில் சந்தேகமே கிடையாது. நான் கல்யாணமாகி கோடைக்கானல் டவுனுக்கு வந்த வருஷம் மே மாதத்திலும் கம்பளி இல்லாமல் தூங்க முடியாது. இப்போது சீசனில் கடைவாசலில் மின்விசிறி அடுக்கி வைத்து விற்கிறார்கள். ஏரியைச் சுற்றிக் கார்கள் நகராமல் நின்று புகை விடுகிற நாளில் எங்கள் தெரு வரைக்கும் தொண்டை கமறும். எண்ணுவதற்கு உள்ளூர் ஆள் வேண்டும் என்றதும் நான் போய் நின்றேன். பிளஸ் டூ முடித்துவிட்டு இருபது வருஷமாகச் சப்பாத்தி தேய்த்த கைக்கு ஒரு பேனா கிடைத்தது. சத்தியமாகச் சொல்கிறேன், அந்தச் சந்தோஷம் கொஞ்சநஞ்சம் இல்லை.

முதல் இரண்டு வாரம், டவுனுக்கு மேலே இருக்கிற மேல்மலை ஊர்களின் ரோடு டவுனுக்குள் நுழைகிற வளைவில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்காரவைத்தார்கள். கையில் அமுக்கினால் எண் ஏறுகிற சின்னக் கருவி. விடியற்காலையில் வளைவு முழுக்க வெள்ளையாக இருக்கும். மரங்கள் சொட்டுகிற சத்தம் மட்டும் கேட்கும், மரங்கள் தெரியாது. எங்கோ ஆழத்தில் ஒரு வண்டி கியர் மாற்றும். நான் கட்டைவிரலைத் தயாராக வைத்துக்கொள்வேன். முதலில் பூண்டு வாசனை வரும், பிறகு மஞ்சளாக இரண்டு வெளிச்சம் கரைந்து வரும், அதற்குப் பிறகுதான் லாரி வரும். போனதும் மறுபடி வெள்ளை. வண்டி வந்ததா, நான் கண் அசந்துவிட்டேனா என்று எனக்கே சந்தேகமாக இருக்கும். கருவியைப் பார்ப்பேன். ஒன்று கூடியிருக்கும்.

ஒருநாள் என் வீட்டுக்காரர் காரும் அப்படிக் கரைந்து வந்தது. கண்ணாடியை இறக்கி, "என் பொகையையும் எழுதிட்டியாக்கும்" என்று கேட்டார். எழுதிவிட்டேன் என்றேன்.

எங்களை வேலை வாங்கியவர் ஒரு பொறியாளர் அம்மா. என் வயதுதான் இருக்கும். மேடம் என்று கூப்பிடுவோம், அவர் எங்களை அக்கா என்பார். இரண்டு ஸ்வெட்டர், காதை மூடிய குல்லா, ஓயாத தும்மல். தும்மலுக்கு நடுவில் எங்களுக்குப் பாடம் எடுத்தார். "ஒரு வண்டி விடுற புகைய அதுல போற ஆளுங்களால வகுக்கணும் அக்கா. காருல ரெண்டு பேர் போனா ஆளுக்குப் பாதி புகை. பஸ்ல நாப்பது பேர் போனா ஆளுக்குத் துளியூண்டு. பஸ் காலியா போச்சுன்னா அதவிட மோசம் எதுவும் இல்ல." எனக்கு அது பளிச்சென்று புரிந்தது. குழம்பைத் தலைக்கு எத்தனை கரண்டி என்று பிரிப்பதுபோல் புகையைப் பிரிக்கிறார்கள்.

மூன்றாவது வாரம் பஸ்ஸுக்குள் கணக்கு. ஒவ்வொரு நிறுத்தத்திலும் எத்தனை பேர் ஏறினார்கள், எத்தனை பேர் இறங்கினார்கள் என்று எழுத வேண்டும். கடைசியில் குறிப்பு என்று ஒரு கட்டம். மழை, மண்சரிவு, மரம் விழுந்தது, வண்டி ரிப்பேர், இப்படி ஏதாவது நடந்தால் அதில் எழுதச் சொன்னார்கள். எந்த ரூட் வேண்டும் என்று மேடம் கேட்டதும் நான் யோசிக்கவே இல்லை. கவுஞ்சி என்றேன். நான் பிறந்த ஊர்.

கவுஞ்சியோடு திரும்புகிற பஸ் ஒன்று உண்டு. பொழுது சாயும்போது டவுனிலிருந்து ஏறி, ராத்திரி அங்கேயே தங்கி, விடிந்தும் விடியாத நேரத்தில் கிளம்பி மன்னவனூர், பூம்பாறை வழியாக டவுனுக்கு வரும். எங்கள் ஊரைத் தாண்டிப் போய்த் திரும்புகிற பஸ்கள் வேறு உண்டு, ஆனால் அவை வெயில் ஏறித்தான் வரும். காலை வேலைக்குப் போகிறவர்களுக்கு இந்த ஒரு பஸ்தான். என் தங்கச்சி அதில்தான் வருவாள். அவள் புருஷன் அவளை விட்டுவிட்டுப் போன பிறகு அம்மாவோடு கவுஞ்சியில் இருக்கிறாள். நான்கு வருஷமாக நாயுடுபுரத்தில் ஒரு பேக்கரியில் வேலை. மாவு பிசைவது, ரொட்டி அடுக்குவது, பன்னுக்கு மேலே பால் தடவுவது. அந்த வேலைக்குப் போக ஆரம்பித்த பிறகுதான் அவள் மறுபடி வாய்விட்டுச் சிரித்ததைப் பார்த்தேன். பஸ் இல்லாவிட்டால் வேலை இல்லை, அவ்வளவுதான் கணக்கு.

நான் ஏறிப் போன வாரம் ஊரில் அம்மன் திருவிழாவுக்குக் காப்புக் கட்டியிருந்தார்கள். எங்கள் ஊரில் காப்புக் கட்டிவிட்டால் எட்டு நாளைக்கு ஒருவரும் எல்லைக்கல்லைத் தாண்டமாட்டார்கள். வேலை, கோர்ட்டு, ஆஸ்பத்திரி எல்லாம் அதற்கு முன்னாலேயோ பின்னாலேயோதான். வெளியிலிருந்து வந்து ஒரு ராத்திரி ஊருக்குள் தங்கிவிட்டாலும் அதே கதிதான், காப்பு அவிழ்க்கிற வரைக்கும் திரும்ப முடியாது. அதனால் அந்த எட்டு நாளும் பஸ் ஊருக்குள் வராது. கல்லுக்கு வெளியே நிறுத்திவிட்டு டிரைவரும் கண்டக்டரும் பஸ்ஸுக்குள்ளேயே படுத்துக்கொள்வார்கள். எனக்கும் வேறு வழியில்லை. கல்லுக்கு வெளியே எங்களுக்கு ஒரு துண்டு பூண்டுக்காடு இருக்கிறது. அதிலிருக்கிற விதைக்கிழங்குக் கொட்டகையில் தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டு தூங்கினேன். ஐந்து நாள் அப்படி.

அந்த ஐந்து நாளைப்போல் இனி எனக்கு வாய்க்குமா தெரியவில்லை. சாயங்காலம் பஸ் வந்து நிற்கும்போது மேகம் காட்டுக்குள் புகுந்திருக்கும். கல்லுக்கு அந்தப் பக்கம் என் தங்கச்சி தூக்குச்சட்டியோடு நிற்பாள். இந்தப் பக்கம் நான். நடுவில் மஞ்சள் பூசிய கல், முழங்கால் உயரம்கூட இருக்காது. தூக்குச்சட்டியைக் கல்லுக்கு மேலாக நீட்டுவாள். காப்புக் கட்டினால் வீட்டில் தாளிப்பு கிடையாது. தாளிக்காத அவரைக்காய்க் குழம்பை ஐந்து நாளும் ஊற்றினாள்.

"ஏடி, ஒரு கடுகாச்சும் கிள்ளிப் போடக்கூடாதா" என்றேன்.

"போட்டா அம்மன் ஒன்னையக் கேக்காது, என்னையத்தான் கேக்கும். பேசாம தின்னு."

நான் என் பக்கத்து மண்ணில் உட்கார்ந்து தின்பேன். அவள் அவள் பக்கத்து மண்ணில் உட்கார்ந்து ஊர்க்கதை சொல்லுவாள். ஊருக்குள் மேளம் கேட்கும், தெருவிளக்கு ஒவ்வொன்றும் வெள்ளையில் ஒரு வட்டம் போட்டுக்கொண்டு நிற்கும். பேக்கரிக்காரர் வருஷா வருஷம் கேள்வி கேட்காமல் எட்டு நாள் லீவு கொடுத்துவிடுவார் என்றாள். "கவுஞ்சிக்காரங்களுக்குக் காப்புன்னு அவருக்கே மனப்பாடம்க்கா." பேச்சு ஓய்ந்த பிறகும் எழுந்திருக்க மனசே வராது. சின்ன வயதில் ஒரே கம்பளிக்குள் படுத்துக்கொண்டு பேசியது மாதிரியே இருந்தது.

வெள்ளனே பஸ் கிளம்பும்போது ஊர்ப் பெண்கள் இரண்டு மூன்று பேர் கல்லுக்கு உள்ளே நின்றபடி வேப்பங்கொத்தை நீட்டுவார்கள். கண்டக்டர் வாங்கி முன்பக்கக் கம்பியில் செருகுவார். நாங்க போகலைன்னாலும் அம்மா போய்ட்டு வரட்டும் என்று ஒருத்தி சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. பஸ் நகரும். உள்ளே டிரைவர், கண்டக்டர், நான். ஜன்னலுக்கு வெளியே ஒன்றுமே இருக்காது, பஸ் மேகத்தில் மிதந்து போவது மாதிரி இருக்கும். வேப்பிலை வாசனை உள்ளே வரும். நான் பேனாவை எடுத்து, கவுஞ்சி என்று அச்சடித்திருந்த வரிசையில், ஏறியவர் என்ற கட்டத்தில், அழகாக ஒரு பூஜ்யம் போடுவேன். மன்னவனூரில் ஆட்கள் ஏறுவார்கள், எழுதுவேன். குறிப்பு என்ற கட்டத்தை விட்டுவிடுவேன். மழை இல்லை, மண்சரிவு இல்லை, மரம் விழவில்லை. ஐந்து நாளும் என் எழுத்து முத்து முத்தாக இருந்தது. மேடம் பாராட்டினார்.

இரண்டு மூன்று மாதம் ஓடியது. ஒரு சாயங்காலம் தங்கச்சி போன் பண்ணினாள். "அக்கா, நாளையிலருந்து பஸ்ஸு மன்னவனூரோட திரும்பிருமாம். கண்டக்டர் அண்ணே சொல்றாரு. மூணு மாசம் சோதனையாம்." குரலில் அழுகை இல்லை. பதறாமல் சொன்னாள். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

மன்னவனூரிலிருந்து கவுஞ்சிக்கு நடந்தால் ஒண்ணேகால் மணி நேரம். மறுநாள் காலையில் நான் மேடத்தின் அலுவலகத்துக்குள் எப்படிப் போனேன் என்று என் வீட்டுக்காரர் இன்றைக்கும் நடித்துக் காட்டுவார். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "குளிருக்கு ரெண்டு ஸ்வெட்டர் போட்டுக்கிட்டு ரூட்டுக்குப் படம் வரையுறீங்களே மேடம், அங்க மனுசங்க இருக்காங்களா இல்லையான்னு ஒரு தடவ ஏறிப் பாத்தீங்களா" என்று ஆரம்பித்தேன். நிறுத்த எனக்கே தெரியவில்லை. நான் மூச்சு வாங்குகிற வரைக்கும் காத்திருந்துவிட்டு மேடம் ஒரு ஃபைலை எடுத்து விரித்தார்.

"அக்கா, அந்தக் கடைசித் துண்டுக்கு பஸ் காலியா போய்ட்டு காலியா வருது. பூஜ்யத்தால வகுக்கவே முடியாது. அந்த டீசல மிச்சம் பண்ணி, சீசன்ல ஏரிக்கு ஒரு நடை கூட விட்டா அத்தன காரு கொறையும்." விரலை வைத்துக் காட்டினார். "நாங்களா எழுதல. பாருங்க."

நான் பார்த்தேன். கவுஞ்சி. ஏறியவர், பூஜ்யம். அடுத்த தாளிலும் பூஜ்யம். ஐந்து தாள். என் கையெழுத்து, முத்து முத்தாக.

அந்த நேரத்தில் நான் சொல்லியிருக்க வேண்டும். மேடம், அது காப்பு வாரம் என்று நான்கே வார்த்தை. வாய் வரைக்கும் வந்தது. ஆனால் இவ்வளவு நேரம் கத்திவிட்டு, தப்பு என்னுடையது என்று சொல்ல நாக்கு எழும்பவில்லை. அடுத்த சீசனில் பழனி ரோட்டில் இன்னொரு கணக்கெடுப்பு வரும், உங்களைத்தான் மேற்பார்வைக்குப் போடுவேன் என்று மேடம் முன்னாலேயே சொல்லியிருந்தார். அந்த ஆசையும் இருந்தது, மறைக்கமாட்டேன். செருப்புப் போட்ட காலைப் பார்த்துக்கொண்டே வெளியே வந்தேன்.

அன்றைக்கிலிருந்து தங்கச்சி நடக்க ஆரம்பித்தாள். ஜீப்பில் நெருக்கியடித்துக்கொண்டு சிலர் போனார்கள், சிலர் பைக் வாங்கினார்கள். இவள் இருட்டோடு டார்ச்சை எடுத்துக்கொண்டு மன்னவனூருக்கு நடந்தாள். "அக்கா கேட்டுக்கிட்டு இருக்கா, சரியாயிரும்" என்று ஊரில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தாள் என்று அம்மா போனில் சொன்னாள். என் கனவில் பஸ் வரும். வெள்ளைக்குள்ளிருந்து ஒவ்வொருவராக வந்து ஏறுவார்கள், நான் கருவியை அமுக்குவேன், எண் ஏறாது. எழுந்து உட்கார்ந்தால் கட்டைவிரல் மடங்கியே இருக்கும்.

மேடம் சொல்லிக்கொடுத்த வகுத்தலை நான் விடவில்லை. அதைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்தேன். ஜீப்பில் போகிறவனுக்குப் புகைக் கணக்கு உண்டு, பைக்கில் போகிறவனுக்கு உண்டு. இருட்டில் நடந்து போகிறவளுக்குக் கிடையாது. திட்டப்படி பார்த்தால் இந்த மலையிலேயே குற்றம் சொல்ல முடியாத பயணி என் தங்கச்சிதான். அவளுக்கு என்று அந்தத் தாளில் ஒரு கட்டம்கூட இல்லை. இந்தக் கோபத்தை யார் மேல் கொட்டுவது?

ஒருநாள் அவள் பேக்கரிக்கு வந்து சேர மத்தியானம் ஆகிவிட்டது. வழியில் ஒரு காட்டுமாடு ரோட்டை அடைத்துக்கொண்டு நின்றிருக்கிறது. மூடுபனியில் முதலில் பாறை என்று நினைத்துப் பத்தடி தூரம் வரைக்கும் போய்விட்டாள். அது மூச்சு விட்டபோதுதான் தெரிந்திருக்கிறது. அசையாமல் நின்றாளாம். அது போகவும் பஸ் போகவும் சரியாக இருந்தது. பேக்கரிக்காரர் நல்லவர்தான், ஆனால் காலையில் மாவு காத்திருக்காதே. இன்னொரு தடவை இப்படி ஆனால் வேறு ஆள்தான் பார்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டார். அவள் எங்கள் வீட்டுக்கு வந்து அடுப்புப் பக்கத்தில் உட்கார்ந்து காலைத் தேய்த்துக்கொண்டே இதைச் சொன்னாள். காட்டுமாடு கதையைச் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

எனக்குத் தாங்கவில்லை. "ஏடி, பஸ்ஸை நிறுத்துனது மேடம் இல்லடி. நாந்தான்" என்றேன்.

அவளுக்குப் புரியவில்லை. முழுவதும் சொன்னேன். காப்பு வாரம், தாள், ஏறியவர் கட்டம், பூஜ்யம். குறிப்பு எழுதாமல் விட்டது. அலுவலகத்தில் வாயை மூடிக்கொண்டு வந்தது. அவள் காலைத் தேய்ப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டாள். திட்டுவாள் என்று நினைத்தேன். எங்கள் வீட்டில் கோபம் எனக்கு மட்டும் வந்ததல்ல, அம்மா வழியில் எல்லோருக்கும் உண்டு. ஆனால் அவள் காலை மடக்கி உட்கார்ந்துகொண்டாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"அந்த அஞ்சு நாளும் நாந்தானக்கா ஒனக்குச் சோறு கொண்டாந்தேன். பஸ்ஸுக்குப் பக்கத்துலயே நின்னேனே. அப்புடி இருந்தும் யாரும் இல்லைன்னு எழுதிட்டியா?"

நான் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதேன். அவள் எழுந்து டீ போட்டாள்.

மறுநாளும் அதற்கு மறுநாளும் விடியற்காலையில் பழைய வளைவில் போய் நின்றேன். நாற்காலி இல்லை, கருவி இல்லை, பழைய நோட்டு ஒன்றுதான். மேல்மலையிலிருந்து வந்த ஒவ்வொரு வண்டியையும் கை காட்டி நிறுத்தி, எங்கிருந்து வாரீக என்று கேட்டேன். சிலர் போலீஸ் என்று நினைத்துப் பயந்தார்கள், சிலர் பைத்தியம் என்று நினைத்தார்கள். கவுஞ்சியிலிருந்து மட்டும் முதல் நாள் ஜீப் மூன்று, பைக் ஐந்து. அடுத்த நாள் ஜீப் நான்கு, பைக் நான்கு. ஒரு பஸ்ஸில் ஏறி மூச்சுக் காட்டாமல் வந்துகொண்டிருந்த ஜனம்.

நோட்டை எடுத்துக்கொண்டு மேடத்திடம் போனேன். இந்தத் தடவை செருப்பை வாசலில் விட்டேன். காப்பு என்றால் என்ன, கல் என்றால் என்ன, கொட்டகையில் நான் ஏன் தூங்கினேன், எல்லாம் சொன்னேன். மேடம் தும்மக்கூட மறந்துபோய்க் கேட்டார்.

"இத ஏன் அக்கா குறிப்புல எழுதல?"

"அது எங்களுக்குக் குறிப்பு இல்ல மேடம். பொழுது விடிஞ்சுதுன்னு யாராச்சும் எழுதுவாங்களா? அப்புடித்தான் விட்டுப்போச்சு."

அவர் என் நோட்டைப் புரட்டினார். ஜீப்பையும் பைக்கையும் கூட்டி, பக்கத்தில் ஏதோ பெருக்கி வகுத்தார். பிறகு பேனாவை மூடிவிட்டு ஜன்னலைப் பார்த்தார். "பஸ்ஸ நிறுத்திப் புகை கூடியிருக்கு" என்றார், யாரிடமோ சொல்வது மாதிரி. என் தங்கச்சியின் காலுக்கு இரங்காத தாள் புகைக்கு இரங்கியது. அந்த நேரத்தில் எனக்கு அதுவே போதும் என்றுதான் இருந்தது, எதற்கு இரங்கினால் என்ன?

மறுபடி எண்ண வேண்டுமென்றால், பழைய கணக்கு செல்லாது என்று அதை எடுத்தவரே எழுதித் தர வேண்டும். "எழுதிக் கொடுத்தா அடுத்த கணக்கெடுப்புல உங்களப் போட முடியாது அக்கா. எனக்கே கஷ்டமாத்தான் இருக்கு" என்றார். அவருடைய பேனாவையே வாங்கி எழுதினேன். நான் எழுதிய எண்கள் உண்மை, ஆனாலும் கணக்கு தப்பு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பேனாவைத் திருப்பிக் கொடுக்கும்போது கொஞ்சம் வலித்தது.

மூன்று நாளைக்கு பஸ்ஸைக் கவுஞ்சி வரைக்கும் விட்டுப் பார்ப்பதென்று முடிவானது. இந்தத் தடவை மேடமே ஏறிப் போனார். எங்கள் அம்மா வீட்டில்தான் தங்கினார். அம்மா அவருக்கு மூன்று கம்பளி போர்த்திவிட்டு, பூண்டு தட்டிப் போட்ட ரசம் கொடுத்துத் தும்மலை நிறுத்திவிட்டாளாம். முதல் நாள் ஒன்பது பேர்தான் ஏறினார்கள். ஜீப்புக்குப் பழகியவர்கள் பஸ்ஸை நம்பவில்லை. பைக் வாங்கியவன் பைக்கைத்தான் எடுப்பான். இரண்டாவது நாள் பதினேழு. எனக்கு ராத்திரியெல்லாம் தூக்கமில்லை. வீடு வீடாகப் போய் ஏறுங்கள் ஏறுங்கள் என்று கெஞ்சலாம் என்று தோன்றியது. ஆனால் அப்படி ஏற்றிய ஆள் நிஜமான ஆள் இல்லையே. ஒரு தடவை தப்பாக எண்ணினது போதும் என்று வாயைக் கட்டிக்கொண்டு கிடந்தேன்.

மூன்றாவது நாளுக்கு நானும் முந்தின சாயங்காலமே போய்விட்டேன். விடிகிற நேரம். ஊருக்குள் பஸ் உறுமிக்கொண்டு நின்றது. மேகம் தெருவிலேயே படுத்துக் கிடந்தது. அதற்குள்ளிருந்து ஆட்கள் வந்தார்கள். முதலில் டார்ச் வெளிச்சம், பிறகு இருமல், பிறகு தலைத்துண்டு, பிறகு முகம். பூண்டு மூட்டையோடு இரண்டு பேர், கையில் ஃபைலோடு ஒரு அம்மா, வயிற்றுப் பிள்ளைக்காரி ஒருத்தி, அவள் மாமியார். என் கனவில் வந்தது மாதிரியே வந்தார்கள். மேடம் படிக்கட்டுக்குப் பக்கத்தில் தாளோடு நின்றார். கருவியின் சத்தம் ஒவ்வொரு ஆளுக்கும் கேட்டது. இந்தத் தடவை எண் ஏறியது.

முதலில் ஏறியவள் என் தங்கச்சி. மேடம் முன்னால் நின்று ஒற்றை விரலை நிமிர்த்திக் காட்டினாள். "ஒண்ணு" என்றாள். மேடத்திடம்தான் சொன்னாள், ஆனால் பார்த்தது என்னை.

நான் ஏறும்போது மேடத்தின் கட்டைவிரல் கருவிக்குப் போனது. "என்னைய எண்ணாதீங்க மேடம். நான் சும்மா வந்தவ" என்றேன். உள்ளே உட்கார்ந்திருந்த தங்கச்சி சிரித்துவிட்டாள். அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். பஸ் எல்லைக்கல்லைத் தாண்டியது. அவள் தலை என் தோளில் சாய்ந்தது, மன்னவனூர் வருவதற்குள் தூங்கிப்போனாள். இருபத்தாறு பேர் என்று மேடம் பிறகு சொன்னார்.

அந்த மூன்று மாதச் சோதனை முடிவதற்கு முன்பே பஸ் திரும்பக் கவுஞ்சிக்கு வந்துவிட்டது. பைக் வாங்கியவர்களில் பாதிப் பேர் இன்னும் பைக்கில்தான் போகிறார்கள், அதை மாற்ற முடியவில்லை. பழனி ரோட்டுக் கணக்கெடுப்பும் நடந்தது. வேறு ஒருத்தி மேற்பார்வை பார்த்தாள். அவள் கையிலிருந்த தாளை வாங்கிப் பார்த்தேன். குறிப்புக் கட்டத்தில் மழை, மண்சரிவு என்பதற்கு முன்னால், ஊர்க் காப்பு என்று அச்சடித்திருந்தது. என்னிடம் சொல்லவே இல்லையே என்று மேடத்துக்குப் போன் பண்ணித் திட்டலாம் என்று தோன்றியது, ஏனோ அழுகைதான் வந்தது.

இப்போதும் தினமும் காலையில் அந்த நேரத்துக்கு நான் பால் வாங்கப் போகிறேன். கொஞ்சம் முன்னாலோ பின்னாலோ போனாலும் பால் கிடைக்கும், ஆனாலும் அந்த நேரத்துக்குத்தான் போவேன். கவுஞ்சி பஸ் வளைவில் முக்குகிற சத்தம் கேட்டதும் ஓரமாக நின்றுகொள்வேன். மூன்றாவது ஜன்னல் அவளுடையது. கண்ணாடி பனியில் மங்கிப்போயிருக்கும், முகம் சரியாகத் தெரியாது. அவள் உள்ளேயிருந்து கையால் துடைத்துவிட்டு, அந்த இடத்தில் ஒற்றை விரலை வைத்துக் காட்டுவாள். நான் தலையாட்டும் வரைக்கும் விரலை எடுக்கமாட்டாள்.